இடது மூலையில் இருந்த பொத்தான்

பூரணி எங்கள் அலுவலகத்துக்கு வந்தது ஒரு பொத்தானைத் தேடிக்கொண்டு. இடது காலில் மாவுக்கட்டு, கையில் ஊன்றுகோல், தோளில் துணிப்பை. குன்னத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி சரவணம்பட்டிக்கு வந்திருக்கிறாள். மென்பொருள் கம்பெனிக்கு நேரில் வந்து புகார் சொல்கிற மனிதர்கள் என் அப்பா காலத்தோடு தீர்ந்துபோனார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு இவளை எந்தப் பக்கம் அனுப்புவதென்றே தெரியவில்லை. புகார்ப் பிரிவு ரஹ்மத்திடம் அனுப்பினாள். ரஹ்மத் நேராக என் மேசைக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

"மிருதுளாக்கா, இவங்க கேக்கறதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. நீங்களே சொல்லுங்க."

பூரணி நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, தன் போனை எடுத்து என் முன்னால் வைத்தாள். திரையின் இடது கீழ்மூலையில் விரலை வைத்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"இங்கதானுங்க இருந்துச்சு. போன் வாங்குன அன்னிக்கு என் கண்ணுல பாத்தனுங்க. ரெண்டு ஆளு பக்கம் பக்கமா நிக்கற மாதிரி ஒரு படம். 'துணைக்கு ஆள்'னு எழுதியிருந்துச்சு. சத்தம் போடாம அழுத்துனா ஆள் வந்துருவாங்கன்னு கடைக்காரர் சொன்னாருங்க. நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன். போன மாசம் அவரு என்னைய மாடி ரூம்ல வெச்சுப் பூட்டிட்டு, முன்னறையில உக்காந்துட்டாருங்க. வாய தொறந்து போன்கிட்ட கேக்க முடியாது, கேட்டா அவருக்குக் கேட்டுரும். தேடறேன், தேடறேன், அந்தப் பொத்தானையே காணமுங்க."

"அப்பறம்?"

"மாடியிலிருந்து பக்கத்து வீட்டுக் கூரைல குதிச்சனுங்க. கூரை தாங்குல." கட்டுப்போட்ட காலைத் தடவிக்கொண்டாள். "நான் சண்டைக்கு வரலீங்க. அந்தப் பொத்தான எங்க எடுத்து வெச்சிருக்கறீங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். நீங்களே எடுத்தீங்களா, இல்ல நான்தான் கைபட்டு அழிச்சுட்டனா? அது தெரிஞ்சாப் போதுமுங்க."

அவளுக்கு அது மட்டும்தான் தெரியவேண்டும். தப்பு தன்னுடையதா, இல்லையா.

"நீங்க அழிக்கலீங்க. அது தானா உதிர்ந்துருச்சு" என்றேன்.

"தானாவா? யாரும் எடுக்காம எப்படிங்க போகும்?"

நல்ல கேள்வி. பன்னிரண்டு வருஷ அனுபவம் உள்ள பொறியாளர்கள் எங்கள் கூட்டங்களில் கேட்காத கேள்வி. முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன்.

போனில் ஐம்பது அறுபது செயலிகளை அடுக்கிவைத்துத் தடவிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. இப்போது எல்லோர் போனிலும் எங்களுடைய 'கூடவே' ஒன்றுதான். அதில் பக்கங்கள் கிடையாது, பட்டியல் கிடையாது. அந்த நேரத்துக்கு உங்களுக்கு எது வேண்டுமோ அது மட்டும் திரையில் இருக்கும். எது வேண்டும் என்று முதலில் இயந்திரம்தான் ஊகித்துக்கொண்டிருந்தது. சாவு வீட்டில் இருப்பவர்களுக்குக் கல்யாண மண்டபத்தைக் காட்டி அது பேர் கெடுத்துக்கொண்டது. அதன் பிறகு மனிதர்களையே வைத்தோம். வயது, ஊர், வேலை, குடும்பம் என்று மக்களை முப்பத்தொரு வகையாகப் பிரித்து, வகைக்கு ஒரு முன்மாதிரி ஆளைப் பிடித்தோம். அந்த ஆளின் விரல் எதைத் தொடுகிறதோ, அதுதான் அந்த வகையில் உள்ள லட்சக்கணக்கான போன்களின் திரை. அந்த ஆள் நூறு நாள் தொடாத பொத்தான் எல்லோர் போனிலிருந்தும் உதிர்ந்துவிடும். வாங்கிய முதல் நாள் மட்டும் சட்டத்துக்காக எல்லாவற்றையும் காட்டுவோம்.

பூரணி ஊன்றுகோலை மடிமேல் வைத்துக்கொண்டாள்.

"அப்ப எனக்கு மாதிரியா ஒரு பொம்பள இருக்காங்களா?"

"இருக்காங்க. பதினேழாம் முன்மாதிரி. மேற்கு மாவட்டம், கல்யாணமானவங்க, முப்பதிலிருந்து நாப்பத்தஞ்சுக்குள்ள, வேலைக்குப் போறவங்க."

"அவங்களுக்கு அந்தப் பொத்தான் தேவப்படுலீங்களா?"

மேசையிலிருந்த அவள் போனை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"நல்லா இருக்கட்டுமுங்க" என்றாள் பூரணி. கிண்டல் இல்லை, உண்மையாகவே வாழ்த்தினாள். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ரஹ்மத் அவளை பஸ் ஏற்றிவிடப் போனாள்.

நூறு நாள் உதிர்வு விதியை எழுதியவள் நான். அதற்காகப் பெங்களூரில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். அது எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்று உண்டு. பதினேழாம் முன்மாதிரியும் நான்தான்.

அது நடந்த விதம் எங்கள் கம்பெனிக்கே உரியது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு: கூட்டத்தில் யார் 'இது இல்லை' என்று முதலில் வாய் திறக்கிறாரோ, அதைச் செய்து முடிக்கிற வேலை அவர் தலையில் விழும். சுறுசுறுப்புக்காகக் கொண்டுவந்த வழக்கம். நடந்தது வேறு. குறை கண்ணில் பட்டவர்கள் எல்லாம் தண்ணீர் குடிப்பது போலப் பாட்டிலை வாயில் வைத்துக்கொள்ளப் பழகினார்கள். வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்னால் பொள்ளாச்சி வங்கியில் வேலை பார்த்த பதினேழாவது பெண் விலகிக்கொண்டாள். "பதினேழு இல்லையே" என்று நான் சொல்லித் தொலைத்தேன். வேலை என் தலையில் விழுந்தது; வேறு ஆள் கிடைக்காமல் மறுநாள் காலை என் போனையே பதினேழாக்கினேன். முன்மாதிரிகளின் பெயர் ரகசியம். பட்டியலைப் பார்க்கும் உரிமை எனக்கு மட்டும்தான், என் மேலதிகாரி யுகேந்திரனுக்குக் கூடக் கிடையாது. தற்காலிக ஏற்பாடுதான், மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மாற்றவேண்டும் என்று யாராவது வாய் திறந்து சொன்னால்தானே மாற்றுவதற்கு. நாலு வருஷம் ஓடிவிட்டது.

யுகேந்திரனிடம் போனேன்.

"அந்த ஒரு பொத்தான மட்டும் கையால திருப்பி வெச்சுருவோம் சார்."

"எங்க வெப்பீங்க மிருதுளா? வெக்கறதுக்குப் பக்கம்னு ஒண்ணு இருந்தாத்தானே? இருக்கறது பதினேழோட பழக்கம் மட்டும்தான். நீங்க கட்டுன கட்டடம், உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"விதிவிலக்கு எழுதலாம் சார்."

"அடியிலிருந்து பிரிக்கணும். எட்டு மாசம் ஆகும். ஒண்ணுக்கு விலக்கு குடுத்தா நாளைக்கு ஸ்வீட் கடைக்காரன் வருவான், ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. ஆரம்பத்தில் ஈரோட்டு ஸ்வீட் கடைக்காரர் ஒருவர் எப்படியோ ஒரு முன்மாதிரியைக் கண்டுபிடித்து, தினமும் தன் கடைப் பொத்தானை அழுத்தவைத்தார். அந்த முன்மாதிரி அழுத்திவிட்டு உடனே ரத்து செய்துவிடுவார். இரண்டு லட்சம் திரைகளில் மைசூர்பாகு வந்து நின்றது. அதைத் தடுக்கத்தான் 'சல்லடை' என்ற சோதனை விதியை எழுதினேன். அழுத்தினால் மட்டும் போதாது, செயல் கடைசிவரை நடந்து முடியவேண்டும். நடிப்பெல்லாம் சல்லடையில் நின்றுவிடும்.

"பதினேழு உண்மையிலேயே அழுத்துனாத் தவிர அது திரும்பி வராது" என்றார் யுகேந்திரன். "அந்தம்மா நல்லா வாழற பொம்பள போலிருக்கு. அதுக்கு நாம என்ன பண்றது?"

சிரித்தேன். எனக்குச் சிரிப்பு நன்றாக வரும்.

திரும்பி வந்தபோது ரஹ்மத் என் மேசையருகே நின்றுகொண்டிருந்தாள். முகம் சரியில்லை.

"அக்கா, திட்டாதீங்க. எனக்கு இது ஆறு மாசமாத் தெரியும்." ஒரு வரைபடத்தைக் காட்டினாள். "வெறும் இடத்துல விரல் படறத நாம குறிச்சு வெக்கறோமில்ல, அழுக்கு விரல், தவறிப் படறதுன்னு ஒதுக்கறது? பதினேழாம் வகையில பாருங்க. எல்லாம் ஒரே எடத்துல. இடது கீழ்மூலை. போன மாசம் மட்டும் நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு பேர், ஒண்ணுமில்லாத எடத்தத் தொட்டிருக்காங்க."

"ஏன் சொல்லல?"

"சொன்னா என் தலையில விழும். எனக்கு எப்படிச் செய்யறதுன்னு தெரியாது." அழுதுவிட்டாள். "அந்தம்மா காலப் பாத்தீங்களாக்கா?"

அவளைத் திட்ட எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ரகசியப் பட்டியலைத் திறந்து பதினேழின் பதிவை எடுத்தேன். சும்மா, ஒரு சரிபார்ப்புக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த வருஷத்தில் பதினேழு அந்த வெறும் மூலையைத் தொட்டது அறுபத்தொரு முறை. நேரம் எல்லாம் மாலை ஆறு முப்பத்தெட்டு, ஆறு முப்பத்தொன்பது. எங்கள் அடுக்ககத்தில் ஆறு நாற்பதுக்கு லிஃப்ட் வந்து நிற்கும். ரகுநந்தன் வீட்டுக்கு வருகிற நேரம் அது.

நான் தொட்டது எனக்கே தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

ரகுநந்தன் என் கணவர். நல்லவர். பாலிடெக்னிக்கில் துறைத்தலைவர், குடிக்கமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். பதினோரு வருஷமாக இதை நான் எல்லோரிடமும் ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக் கதவு அவர் போனுக்கு மட்டும்தான் உள்ளிருந்து திறக்கும், பாதுகாப்புக்காக. ஆறே காலுக்கு நான் உள்ளே போனால் மறுநாள் எட்டரைக்குத்தான் வெளியே. அவர் வந்ததும் என் போன் ஃபிரிட்ஜ் மேல் போய்விடும், கண்ணுக்கு நல்லது என்பதற்காக. அதற்கு முன் யார் யாரிடம் பேசினேன் என்று ஒருமுறை பார்ப்பார். என் தங்கை வித்யாவின் பெயர் அதில் இருந்த நாட்களில் சாப்பிடும்போது ஒரு வார்த்தை பேசமாட்டார். அதனால் நானே அவளிடம் பேசுவதை விட்டேன். நூறு நாளில் அவள் பொத்தானும் உதிர்ந்தது. என்னிடமிருந்து மட்டுமா? எத்தனை பேர் திரையிலிருந்து எத்தனை தங்கைகள் போனார்களோ. கை ஓங்கியது இரண்டே முறை. இரண்டாவது முறை அவரே காயத்துக்கு மருந்து போட்டுவிட்டார். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அவரைக் கண்டால் பயம், அவ்வளவுதான்.

மதியம் மூன்று மணிக்கு என் போனில் 'கூடவே'யை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். முதல் நாள் காட்சி வந்தது. உதிர்ந்த எல்லாம் திருவிழாக் கூட்டம் போல வந்து நின்றன. இடது மூலையில் அந்த இரண்டு ஆட்கள்.

அழுத்தினேன். 'யாருக்காக?' என்று கேட்டது. கீழே இரண்டு வழி: 'எனக்கு' என்றால் பேச்சே இல்லாமல் ஆள் கிளம்பிவிடும், 'வேறொருவருக்கு' என்றால் இடம் கேட்பார்கள். வேறொருவருக்குத்தானே, பூரணிக்கும் அந்த நாலாயிரம் பேருக்கும்தானே என்று இரண்டாவதைத் தொட்டேன்.

"சொல்லுங்க, அவங்க எங்க இருக்காங்க? பேரென்னங்க?" என்றது ஒரு பெண் குரல்.

சொல்ல என்னிடம் ஒரு முகவரியும் இல்லை. வைத்துவிட்டேன். அடுத்த நொடியே சல்லடையின் குறிப்பு: 'செயல் முடியவில்லை. ஏற்கப்படவில்லை.' நான் எழுதிய வாசகம். எவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்கிறேன் என்று அப்போதுதான் பார்த்தேன்.

நாளைக்கு மறுபடி முயலலாம் என்று நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்றுதான் பதினோரு வருஷம் ஓட்டினேன். அதோடு, மறுபடி ஏற்றினால் குடும்பத் தலைவரின் போனுக்குத் தகவல் போகும். இந்நேரம் போயிருக்கும்.

ஆறு நாற்பதுக்கு லிஃப்ட் நின்றது. அவர் செருப்பைக் கழற்றி அலமாரியில் வைத்தார், கை கால் கழுவினார், துடைத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன்.

"புதுசா ஏத்துனயாமா?"

"ஆமாங்க. ஆபீஸ்ல ஒரு சோதனைக்குங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலாமல்ல?" குரலில் கோபம் துளியும் இல்லை. சோபாவில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு பொத்தானாகப் பார்த்தார். "இதெல்லாம் நமக்கு எதுக்கு? வித்யா பேரெல்லாம் திரும்ப வந்திருக்குது." இடது மூலைக்கு வந்ததும் அவர் விரல் நின்றது. "இது என்ன?"

"முதல் நாள் எல்லாருக்கும் வருமுங்க. தானாப் போயிரும்."

"தானாப் போற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கோணும்? எடுத்துரு." போனை என் பக்கம் திருப்பிப் பிடித்தார். நீக்குவதற்கு என் விரல்தான் வேண்டும், அவர் விரல் செல்லாது. "அமுத்திப் புடிச்சா போயிருமல்ல? புடி."

விரலை வைத்தேன். அழுத்திப் பிடித்தால் நீங்கும். தொட்டு எடுத்தால் கூப்பிடும். இரண்டுக்கும் நடுவே அரை விநாடி. அந்த அளவை வைத்தவள் நான்தான். வயதானவர்களுக்கு விரல் நடுங்குமே, போதுமா என்று இரண்டு வாரம் சண்டை போட்டு வைத்த அளவு.

அவர் மூச்சு என் காதருகே பட்டது. அரை விநாடி ஆவதற்குள் விரலை எடுத்துவிட்டேன்.

'யாருக்காக?' என்றது திரை.

அவரும் படித்தார். அந்த ஒரு கணம் பூரணியை நினைக்கப் பார்த்தேன். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டை நினைக்கப் பார்த்தேன். யாரும் நினைவுக்கு வரவில்லை. அவரும் நானும் மட்டும்தான் அந்த சோபாவில் இருந்தோம்.

'எனக்கு' என்பதைத் தொட்டேன்.

ரகுநந்தன் திரையை இன்னொரு முறை படித்தார். பிறகு, "கை தவறிருச்சு. ரத்து பண்ணிரு" என்றார். ரத்துக்கும் என் விரல் வேண்டும். கைகளை மடித்து அக்குளுக்குள் வைத்துக்கொண்டேன். குழந்தைத்தனமாகத்தான் இருந்திருக்கும். அவர் என் தோளைப் பிடித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விட்டார்.

"சரி, வரட்டும். வர்றவங்களுக்குக் காப்பி போடலாம்" என்று எழுந்து சமையலறைக்குப் போனார். நாலு டம்ளர் எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. பதினோரு வருஷத்தில் அவர் எனக்குக் காப்பி போட்டதில்லை. ஆள் வர ஆன இருபது நிமிஷமும் சோபாவை விட்டு நான் அசையவில்லை. அழைப்பு மணி அடித்தபோது, யாரும் வராமலே இருந்திருக்கலாமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வெட்கம்தான், ஆனாலும் தோன்றியது.

அவரே கதவைத் திறந்தார். வெளியே இரண்டு பெண்கள். ஒருத்திக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். இன்னொருத்திக்கு என் வயது, கழுத்தில் அடையாள அட்டை, தர்ஷினி என்று பெயர்.

"வாங்க, வாங்க. உங்களுக்கு வீண் அலைச்சல். வீட்ல புதுசா போன் ஏத்துனாங்க, கை பட்டுருச்சு. காப்பி சாப்பிட்டுட்டுப் போலாம்."

அவ்வளவு நல்ல குரல். அவர்களுக்கும் நம்பத் தோன்றியிருக்கும். தர்ஷினி அவரைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.

"கூப்புட்டது யாருங்க?"

"அதான் சொன்னனுங்களே..." என்று ரகுநந்தன் ஆரம்பித்தார்.

"உங்களக் கேக்கலீங்க. அவங்களக் கேட்டேன்."

கூட்டத்தில் 'இல்லை' என்று சொல்கிறவர் தலையில்தான் வேலை விழும். எனக்குப் பழக்கம்தான்.

"நான்தானுங்க" என்றேன். "தவறி அழுத்தல. நான் இங்க நல்லா இல்லீங்க."

போனையும் ஒரு துணிப்பையையும் எடுத்துக்கொண்டேன். ரகுநந்தன் வழிமறிக்கவில்லை. அண்டை வீட்டுக் கதவு திறந்திருந்ததால் புன்னகையோடுதான் நின்றார். ஐம்பதைத் தாண்டிய அந்தப் பெண்மணி வழக்கு விவரம் எழுதிக்கொள்ள ரகுநந்தனோடு வாசலிலேயே நின்றுவிட்டார். தர்ஷினியும் நானும் லிஃப்டில் ஏறினோம்.

கதவு மூடியதும் அவள் தன் போனில் ஒரு கட்டத்தைத் தொட்டாள். 'உதவி பெற்றவர் உடன் வந்துவிட்டார்.' செயல் முடிந்தது. சல்லடை இப்போது என் அழுத்தலை ஏற்றிருக்கும். எங்கோ ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் திரைகளின் மூலையில் இரண்டு ஆட்கள் வந்து நின்றிருப்பார்கள். பூரணியைத் தேடிப்போய் நாளைக்குச் சொல்லவேண்டும், தப்பு அவளுடையது இல்லை என்று மறுபடி ஒருமுறை. யாருடையது என்றும் சொல்லவேண்டும்.

என் பக்கத்தில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. தர்ஷினியின் போன். அவளும் பதினேழாம் வகைதான் போலிருக்கிறது.

அவள் திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். விரலால் இடது மூலையைத் துடைத்தாள், அழுக்கு ஒட்டியிருப்பது போல.

"இதென்னங்க, என் போன்லயே இது இல்லாம இருந்துச்சா? தெனம் நாலு வீட்டுக்குப் போறேன், கூப்புடறவங்க போன்ல எல்லாம் இருக்குது, என்னோடத நான் பாத்ததே இல்லீங்க."

சிரித்தாள். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நாலாவது மாடி கடந்தது, மூன்றாவது கடந்தது. மறுபடி எடுத்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. மணி ஏழு இருபது, அவளும் வீட்டுக்குப் போகிற நேரம்தான். கட்டைவிரல் அந்த மூலைக்கு மேலே, தொடாமல், அப்படியே நின்றது.

அரை விநாடி போதும் என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். ஆனால் லிஃப்டின் எண்களையே பார்த்துக்கொண்டு, தரைத்தளம் வந்த பிறகும், அவளுக்கு நேரம் வேண்டுமே என்று, கதவு மூடாமலிருக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.